சொல்லுக்கும் வரப்பு வேண்டும்

தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாட்டுப் பக்கம் யாரிடமாவது நிலம் எவ்வளவு என்று கேட்டால் "மூணு மா" என்பார்கள். பத்திரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால்தான் ஏக்கர் வரும். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஒரு மாவுக்கு நூறு குழி. ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. ஆக ஒரு மா 14,400 சதுர அடி, 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. பழைய பின்னக் கணக்கில் 'மா' என்றாலே இருபதில் ஒரு பங்கு. வேலியில் இருபதில் ஒரு பங்குக்கும் அதே பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தை வேலி என்றும் மா என்றும் காணி என்றும் முந்திரிகை என்றும் பிரித்துக் கொண்டு போனவர்கள், சொல்லையும் கணக்கையும் வேறுவேறாக வைத்திருக்கவில்லை.

அந்த வரிசையில் உள்ள காணியைக் கொஞ்சம் பாருங்கள். பின்னக் கணக்கில் காணி எண்பதில் ஒன்று. மாவில் கால் பங்கு. செங்கல்பட்டுப் பக்கம் போனால் காணி ஒரு நில அளவு. அங்கேயும் நூறு குழிதான், ஆனால் அங்கத்துக் குழி 24 அடிக்கு 24 அடி. அதனால் காணி 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். அதாவது தஞ்சைக் கணக்கில் நான்கு மா. பின்னத்தில் மாவைவிடச் சிறியது, நில அளவில் மாவைப்போல் நான்கு மடங்கு. காணியாட்சி என்று வரும்போது அது அளவே அல்ல, உரிமை. இலங்கைத் தமிழரிடம் கேட்டால் காணி என்றால் வெறுமனே நிலம்; எவ்வளவாக இருந்தாலும் காணிதான்.

இப்போது ஓர் ஆய்வேட்டில் "ஆய்வுப் பகுதியில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக இரண்டு காணி நிலம் உள்ளது" என்று ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இலக்கணப் பிழை இல்லை. வடசொல் கலப்பும் பெரிதாக இல்லை. காணி நல்ல தமிழ்ச் சொல். ஆனாலும் அந்த வாக்கியத்தால் பயன் ஒன்றும் இல்லை. படிப்பவர் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். எழுதியவருக்கும் படித்தவருக்கும் இடையே பிணக்கு இருப்பதுகூட வெளியே தெரியாது. நன்னூல் அடுக்கும் நூற்குற்றங்கள் பத்தில் ஒன்று மயங்க வைத்தல். அருஞ்சொல்லால்தான் மயக்கம் வரும் என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அதிகம் மயங்க வைப்பவை எல்லாருக்கும் தெரிந்த எளிய சொற்கள்தான்.

மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். "மாவுக்குப் பத்து மூட்டை கண்டுமுதல்" என்று ஒரு விவசாயி சொல்கிறார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை என்றால் 40 கிலோ. வீட்டில் கட்டும் மூட்டை அதைவிடப் பெரியது. 60 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். எக்டேருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் கணக்கில் சுமார் 3,000 கிலோ வருகிறது, இரண்டாவதில் சுமார் 4,500 கிலோ. அந்த 1,500 கிலோ வித்தியாசத்தில் ஒரு புது நெல் ரகத்தை வெற்றி என்றோ தோல்வி என்றோ தீர்ப்புச் சொல்லிவிடலாம். அந்தத் தீர்ப்பு ஒரு மூட்டைக்குள் கட்டிக் கிடக்கிறது.

அதே வாக்கியத்தில் உள்ள கண்டுமுதல் என்ற சொல்லை மட்டும் ஆய்வாளர்கள் தொடுவதில்லை. கொச்சை என்று நினைக்கிறார்களோ என்னவோ, மகசூல் என்று மாற்றிவிடுகிறார்கள். மகசூல் விளைந்ததையும் குறிக்கும், விளையும் என்று மதிப்பிட்டதையும் குறிக்கும். பயிர்க் காப்பீட்டுக்காக 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அறுத்து, எடைபோட்டு, ஊர் முழுவதற்கும் பெருக்கிச் சொல்வதும் மகசூல்தான். கண்டுமுதல் அப்படி இல்லை. களத்தில் அடித்து, தூற்றி, கண்ணால் கண்டு அளந்த நெல் மட்டுமே கண்டுமுதல். மதிப்பீட்டுக்கும் கைக்கு வந்ததற்கும் இடையில் உள்ள வேறுபாட்டை ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது காவிரிப் படுகை. புள்ளியியல் தெரிந்தவர்கள் தேடிப்போய் எடுத்திருக்க வேண்டிய சொல்.

ஆய்வுத் தமிழில் சொல் தேர்வு பற்றி நாம் நூறு ஆண்டுக்கும் மேலாகப் பேசி வருகிறோம். பேசியதெல்லாம் பெரும்பாலும் வேறொரு கேள்வியை. சொல் எங்கிருந்து வந்தது, தமிழா, வடமொழியா, ஆங்கிலமா? இந்தக் கேள்வி பொய்யானதல்ல. ஆனால் அதன் நிழலில் இன்னொரு கேள்வி காய்ந்து போய்விட்டது: சொல்லுக்கு வரப்பு எங்கே? எது வரைக்கும் இந்தச் சொல், எதற்குப் பிறகு இல்லை?

யாழ்ப்பாணத்துக் கதையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அங்கே வந்தார். மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். 1873இல் ஊர் திரும்பும் வரை ஆயிரக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்த்தும் மொழிபெயர்ப்பித்தும் அச்சேற்றினார். உடற்கூறு நூலுக்கு அங்காதிபாதம் என்றும், அறுவை மருத்துவ நூலுக்கு இரண வைத்தியம் என்றும், வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்றும் பெயர். தமிழில் இருக்கிறதா என்று முதலில் தேடுவது, இல்லையென்றால் வடமொழி, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலத்தை எழுத்துப்பெயர்ப்பது என்பது அவருடைய முறை. இன்று அங்காதிபாதம் யாருக்கும் புரியாது, கெமிஸ்தம் சிரிப்பை வரவழைக்கும். அவை வடசொல் என்பதாலும் கலப்புச் சொல் என்பதாலும் அழிந்தன என்று சொல்லிவிடுவது எளிது. சிகிச்சை வடசொல்தானே? அறுவை சிகிச்சை என்று பாதித் தமிழும் பாதி வடமொழியுமாக இன்றைக்கும் எல்லா ஆஸ்பத்திரிப் பலகையிலும் நிற்கிறதே. கிறீனின் சொற்களுக்கு அவருக்குப் பிறகு வகுப்பறை இல்லாமல் போயிற்று. மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்குப் போனது. பயன்படுத்த ஆளில்லாத சொல் தரிசாகக் கிடந்தது. பின்னால் உடற்கூறியல் என்று வந்தவர்கள் புதிதாக உழ வேண்டியிருந்தது.

1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழில் அறிவியல் பரிபாஷைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்கு மட்டக்களப்பிலிருந்து வந்த விபுலானந்த அடிகள் தலைமை வகித்தார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்கள் என்ற தொகுப்பை வெளியிட்டது. ஏறத்தாழ 10,000 சொற்கள். பிறகு 1940இல் மாகாண அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. காவிரிப் படுகையின் வலங்கைமான்காரர், ஆங்கிலப் பேச்சுக்கு உலகப் புகழ் பெற்றவர். அந்தக் குழு வடமொழி, ஆங்கிலச் சொற்களின் பக்கம் சாய்ந்ததால் தமிழறிஞர்கள் கொதித்து எழுந்தார்கள். இ.மு. சுப்பிரமணிய பிள்ளை போன்றவர்கள் விடாமல் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். வென்றவர்கள் யார் என்று பார்த்தால் தமிழ்ப் பக்கத்தார்தான். பௌதிகமும் ரசாயனமும் போய் இயற்பியலும் வேதியியலும் பாடநூலில் வந்தன, ஒரு தலைமுறைக்குள் பழகியும் போயின.

எனக்கு அந்த வெற்றியில் மகிழ்ச்சி உண்டு. ஒரு குறையும் உண்டு. இரண்டு பக்கத்தாரும் ஆங்கிலச் சொல் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு அதன் நேர் எதிரே ஒரு தமிழ்க் கட்டத்தை நிரப்பினார்கள். உழவர், தச்சர், மீனவர், மருத்துவச்சி ஆகியோரிடம் ஏற்கெனவே இருந்த சொற்களுக்கு எதிரே கட்டம் இல்லை. அவற்றில் பலவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொல்லே கிடையாது. அதனால் அவை பட்டியலுக்குள் வரவே வழியில்லை. கண்டுமுதல் அப்படி ஒன்று. கடைமடை இன்னொன்று. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் என்பதோடு, சில ஆண்டுகளில் போய்ச் சேராமலே போகும் இடம் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'இறுதிமுனைப் பாசனப் பகுதி' என்று எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு உரிய கம்பீரம் வந்துவிட்டதாக நினைப்பு. தகவல்தான் குறைந்தது.

எழுதுகிறவர் உள்ளூர்ச் சொல்லை அப்படியே எடுத்துப் போட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரத்தநாட்டு வயல்களுக்குத் தண்ணீர் தரும் கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிடப்பட்டு 1934இல் முடிந்தது. அதற்கு ஊர்ப்பெயர் புது ஆறு, பேச்சில் புதாறு. ஆய்வேட்டில் "புது ஆற்றின் கரையில்" என்று எழுதினால் காவிரியின் கிளையாறு ஒன்று என்றுதான் வெளியூர்க்காரர் எடுத்துக்கொள்வார். இயற்கையாக ஓடும் ஆற்றுக்கும் வெட்டிய கால்வாய்க்கும் மண், நீர்க்கசிவு, மீன், கரை மரம் எல்லாம் வேறு. உள்ளூர்ச் சொல்லுக்கும் வரப்புக் கட்டித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

இந்தச் சிக்கலைச் சரியாகப் பார்க்க ஒரத்தநாட்டைவிடத் தோதான ஊர் குறைவு. 2012இல் இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பட்டன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. பாடம் ஆங்கிலத்தில், நோயாளி மாடு, மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பேசுவது தமிழ். மூன்றுக்கும் நடுவில் நின்று மாணவர் குறிப்பெழுத வேண்டும். அதே ஊரில் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. அங்கே பள்ளியும் நடந்தது. அந்த மன்னரின் தன்வந்திரி மகாலில் பல மருத்துவ முறைகளில் தேர்ந்தவர்கள் கண்ட மருந்துகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டுச் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் கிடைக்கின்றன. மாட்டு மருத்துவத்துக்கு மாட்டு வாகடம் என்று தனி நூல் வகையே தமிழில் உண்டு. ஆக மாட்டு நோயைத் தமிழில் எழுதுவது இங்கே புதுப்பழக்கம் அல்ல.

மாடு பற்றிய தமிழ்ச் சொற்களில் சில அபாரமானவை. ஈத்து என்ற ஒரு சொல் போதும். மாடு எத்தனையாவது முறை கன்று போட்டிருக்கிறது என்பதைத் தலையீத்து, இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து என்று எண்ணிவிடலாம். பால் அளவு, மடிநோய் வரும் வாய்ப்பு, சினை பிடிக்கும் இடைவெளி எல்லாவற்றையும் ஈத்து வாரியாகத்தான் ஆராய்கிறார்கள். அட்டவணைத் தலைப்பில் 'கன்று ஈன்ற எண்ணிக்கை வரிசை' என்று நான்கு சொல் போடுவதைவிட ஈத்து என்ற மூன்றெழுத்துப் போதுமானது. பழந்தமிழின் ஈற்றுதான் பேச்சில் ஈத்து ஆயிற்று என்பதால் தூய்மை தேடுவோருக்கும் குறையில்லை. சீம்பால் இன்னொன்று. கன்று போட்ட முதல் சில நாள் பாலுக்கு மட்டும் உரிய பெயர். வீட்டுத் திரட்டுக்கும் ஆய்வுக்கட்டுரைக்கும் ஒரே சொல். சப்பை நோய் என்றால் தொடை, சப்பைப் பகுதி வீங்கும் நோய் என்று பெயரே இடத்தைக் காட்டிவிடுகிறது. நஞ்சுக்கொடி தங்குதல் என்பதை மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை.

ஆனால் அதே மக்களின் அதே சொற்கள் சில இடங்களில் ஆய்வாளரைப் பள்ளத்தில் தள்ளிவிடும். அடைப்பான் என்று ஒரு நோய், தொண்டை அடைப்பான் என்று ஒரு நோய். பேச்சில் இரண்டுமே அடைப்பான்தான். தொண்டை அடைப்பானை உண்டாக்குவது பாஸ்டுரெல்லா என்ற நுண்ணுயிர். மழைக்காலத்தில் தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி மாடு சாகும். அடைப்பான் ஆந்த்ராக்ஸ். மனிதருக்கும் தொற்றும், அதில் இறந்த மாட்டை அறுத்துப் பார்க்கவே கூடாது, வித்துகள் காற்றுப்பட்டு மண்ணில் பல்லாண்டு கிடக்கும். ஊரில் "போன மழைக்கு அடைப்பானில் நாலு மாடு போச்சு" என்று சொன்னதை மாணவர் அப்படியே ஆந்த்ராக்ஸ் கட்டத்தில் எழுதினால் மாவட்டத்தில் இல்லாத ஒரு கொள்ளைநோய் தாளில் உருவாகிவிடும். எதிர்த் திசையில் பிழைத்தால் அதைவிட ஆபத்து.

கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் இதைவிடச் சிக்கல். அரசுத் துண்டறிக்கைகளில் அது இராணிக்கெட் நோயின் தமிழ்ப் பெயர். ஆனால் அந்தப் பெயர் ஒரு அறிகுறி. கோழி வெள்ளையாகக் கழிவதற்கு வேறு நோய்களும் காரணமாகலாம். "உங்கள் கோழிக்குக் கழிச்சல் வந்ததா?" என்று வினாத்தாளில் கேட்டு, வந்தது என்றவர்களை எல்லாம் இராணிக்கெட் கணக்கில் சேர்த்தால் ஆய்வாளர் அளந்தது நோயை அல்ல, எச்சத்தின் நிறத்தை. இராணிக்கெட் என்பதும் நல்ல பெயர் என்று சொல்ல மாட்டேன். அது இன்றைய உத்தராகண்டில் உள்ள ஒரு மலையூர். அதே நோய்க்கு மேலை நாட்டில் நியூகாசில் என்று இங்கிலாந்து ஊரின் பெயர். ஊர்மேல் பழி போடும் பெயர்களை மனித நோய்களுக்கு வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கேட்டுக்கொண்டது; கோழி நோய்க்கு அந்தக் கருணை இன்னும் வரவில்லை. இருந்தாலும் இராணிக்கெட் என்றால் ஒரே நோய்தான். ஆய்வில் எழுத அதுவே மேல். கேட்க மட்டும் கழிச்சல்.

இப்படி நான் ஒரு வழக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். ஆய்வாளரிடம் இரண்டு சொல் இருக்கட்டும், கேட்கும் சொல், எழுதும் சொல். சினை ஊசி போட்டீர்களா என்று கேட்டால்தான் பதில் வரும். செயற்கைமுறைக் கருவூட்டல் செய்தீர்களா என்றால் வீட்டுக்காரர் முழிப்பார். ஆனால் ஏட்டில் சினை ஊசி என்று எழுதினால், மருந்து ஏற்றும் ஊசியோ என்று வேறு துறைக்காரர் மயங்குவார். இரண்டு சொல்லும் தேவை. எது எதற்கு நிகர், எவ்வளவு நிகர் என்பதை ஏட்டில் ஓரிடத்தில் எழுதி வைத்துவிட வேண்டும்.

சில சமயம் மக்கள் பெயர் அறிவியலை முந்திவிடும். மாட்டுத் தோலெங்கும் உருண்டை உருண்டையாக எழும்பும் நோய் 2019இல் இந்தியாவில் முதன்முதல் பதிவானது. தோல் கழலை நோய் என்று பெயர் வைத்தார்கள். கழலை என்றால் கட்டி; பார்வைக்குச் சரி. வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள் பார்த்தவுடன் அம்மை என்றார்கள். அந்த வைரஸ் சேர்ந்த குடும்பமோ அம்மை வைரஸ் குடும்பம்தான். கொச்சை என்று ஒதுக்கிய சொல் வகைப்பாட்டில் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இதை வைத்து மக்கள் எப்போதும் சரியாகச் சொல்வார்கள் என்று உணர்ச்சிவசப்பட வேண்டாம், கழிச்சலை மறந்துவிடாதீர்கள். வெக்கை என்று ஒரு நோய் இருந்தது. மாட்டுக் கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும். 2011இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர் ஒழித்த நோய் அது ஒன்றுதான். இப்போது படிக்கும் மாணவருக்கு வெக்கை என்றால் சித்திரை வெயில்தான். பழைய ஊர்க்குறிப்பு ஒன்றில் "வெக்கையில் மாடு செத்தது" என்று வந்தால் அவர் வெயிலைக் காரணம் காட்டுவார். சொல்லுக்கு இடம் மட்டுமல்ல, காலமும் வரப்பு.

மாட்டிலிருந்து மனிதருக்கு வரலாம். தஞ்சை பற்றிய சமூகவியல் ஆய்வேடுகளில் விவசாயி என்ற சொல் எவ்வளவு தாராளமாக நடமாடுகிறது என்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பத்து வேலி மிராசுதாரரும் விவசாயி, அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரும் விவசாயி, வாரத்துக்கு உழுதவரும் விவசாயி, ஒரு குழி நிலமும் இல்லாமல் நாற்றுப் பறித்தவரும் நடவு நட்டவரும் விவசாயி. 1952இல் சட்டம் செய்தவர்கள்கூட இவ்வளவு சோம்பேறிகளாக இருக்கவில்லை. தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று இரண்டு பேரையும் தனித்தனியே பெயர் சொல்லியே எழுதினார்கள். பண்ணையாள் வேறு, தினக்கூலி வேறு. முன்னவர் ஒரு பண்ணையோடு கட்டுண்டவர், பின்னவர் இன்று இங்கே நாளை வேறிடம். 1961, 62இல் தஞ்சைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய் மிராசுதார், பண்ணையாள் ஆகிய சொற்களைத் தம் ஆங்கில நூலிலும் அப்படியே வைத்துக்கொண்டார். வங்காளத்திலிருந்து வந்தவருக்குப் புரிந்த வேறுபாட்டைத் தமிழில் எழுதும் நாம் 'விவசாயப் பெருங்குடி மக்கள்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். இது நடைக் குற்றம் மட்டும் அல்ல. யாருக்குக் கூலி உயர்ந்தது, யாருக்குச் செலவு கூடியது என்ற கேள்வியையே அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது.

பெயர்ச்சொல்லைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன். வினைச்சொல்லில் இன்னும் அதிகம் பிழைக்கிறோம். சில ஆண்டுகளாக ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் பக்கத்தொழில். ஒரு ஏட்டில் 'அறியமுடிகிறது' எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கி, ஒரு இயலிலேயே அறுபதைத் தாண்டியதும் பென்சிலை வைத்துவிட்டேன். அறிய முடிகிறது, காண முடிகிறது, புலனாகிறது, எனலாம். யார் அறிந்தது? எதிலிருந்து அறிந்தது? 'எனலாம்' என்பதில் உள்ள 'லாம்' அனுமதியா, ஊகமா, பணிவா? மூன்றுக்கும் இடம் கொடுத்துவிட்டு எழுதியவர் பின்னால் ஒளிந்துகொள்கிறார். நாற்பது பேரைக் கேட்டு முப்பது பேர் ஆமாம் என்றால், 'நாற்பதில் முப்பது பேர் ஆமாம் என்றனர்' என்று எழுதினால் போதும். அது 'காட்டுகிறது' என்ற அளவுக்குத்தான் தாங்கும். 'மெய்ப்பிக்கிறது' என்று எழுத வேறு பல சோதனைகள் வேண்டும். காட்டுகிறது, உணர்த்துகிறது, மெய்ப்பிக்கிறது என்பவை ஒரே பொருள் தரும் மாற்றுச் சொற்கள் அல்ல, சான்றின் எடைக்கு ஏற்ற படிகள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று பள்ளியில் கட்டுரை வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை ஆய்வுக்கும் கொண்டுவந்து மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கட்டுரைப் போட்டிக்கு அது சரி. ஆய்வில் ஒரு பொருளுக்கு ஒரே சொல்தான். நூறு முறை வந்தாலும் வரட்டும்.

பாதிப்பு இன்னொரு தொல்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தள்ளிப்போனால் என்ன ஆகிறது என்று ஆராய்கிறவர், தலைப்பிலேயே 'தாமதத்தின் பாதிப்புகள்' என்று வைத்துவிட்டால் தீர்ப்பு எழுதி முடித்த பிறகு விசாரணை நடத்துகிறார் என்று பொருள். குறுவையை விட்டுவிட்டு ஒரே சம்பாவாகப் போட்டவர்கள் உண்டு. அவர்களில் நஷ்டப்பட்டவர்கள் எத்தனை பேர், தப்பித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதானே ஆய்வு? விளைவு என்று வையுங்கள். பாதிப்பு என்பது கடைசி இயலில் வர வேண்டிய சொல், வந்தால்.

கடல் தாண்டிப் போகும் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைத் தமிழர் அறிவியலைத் தமிழில் நம்மைவிட இடைவிடாமல் படித்து வந்தவர்கள். அவர்கள் பாடநூலில் பௌதிகவியலும் இரசாயனவியலும் இன்றைக்கும் உண்டு. நாம் செல் என்பதை அவர்கள் கலம் என்கிறார்கள், நம் திசு அவர்களுக்கு இழையம். புள்ளியியலில் நாம் முகடு என்று எழுதுவது அங்கே ஆகாரம். ஒரத்தநாட்டு மாணவர் மாட்டுத்தீவனம் பற்றிய ஆய்வில் யாழ்ப்பாணத்துக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஆகாரம் என்றதும் தவிடும் வைக்கோலும் நினைவுக்கு வரும். கலம் என்றதும் பன்னிரண்டு மரக்கால் நெல். யார் சொல் சரி என்று கேட்காதீர்கள். அவரவர் வரப்புக்குள் இரண்டும் சரி. எல்லை தாண்டும்போது மட்டும் சொல்லிவிட்டுத் தாண்ட வேண்டும்.

இதெல்லாம் புது ஞானம் அல்ல. 1924க்கும் 1936க்கும் இடையில் சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிப் பாருங்கள். சில சொற்களுக்குப் பக்கத்தில் தஞ்சாவூர் வழக்கு என்றும் சிலவற்றுக்கு யாழ்ப்பாண வழக்கு என்றும் சுருக்கக் குறி போட்டிருப்பார்கள். எந்த ஊர் வரைக்கும் அந்தச் சொல் செல்லுபடியாகும் என்று காட்டும் எல்லைக்கல் அது. அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை காலத்தில் போட்ட அந்தக் கல்லை இன்றைய ஆய்வேடுகள் பிடுங்கிப் போட்டுவிட்டன.

ஒரத்தநாட்டிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981இல் தொடங்கியது, அறிவியல் தமிழுக்கென்று தனித் துறை வைத்திருப்பது. ஒரத்தநாட்டில் கால்நடைக் கல்லூரி, மகளிர் கல்லூரி. ஆண்டுதோறும் இந்த மூன்று இடங்களிலிருந்தும் மாணவர்கள் சுற்று வட்டாரக் கிராமங்களுக்குக் குறிப்பேட்டோடு போகிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய நெறியாளர்களுக்கும் ஒரு கோரிக்கை. முதல் இயலுக்கு முன்னால் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். கேட்ட சொல், கேட்ட ஊர், நீங்கள் எழுதப்போகும் சொல், அதன் அளவு. இந்த நான்கு பத்தி போதும். ஏடு தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் அந்த இரண்டு பக்கம் தமிழில் இருக்கட்டும். மா என்று எழுதுகிறீர்களா, தாராளமாக எழுதுங்கள். பக்கத்திலேயே 33 சென்ட் என்றும் எழுதிவிடுங்கள்.